மல்சுக் அக்காவின் இடுப்பு

நாம்தேமுன் சந்தையில் மல்சுக் அக்கா வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

"சுமை வருது, சுமை. ஏய் மீன்காரா, நடுவழியில நின்னு கனவு காணாத. மொட்டைத் தலையில குழம்பு ஊத்தினா முடி மொளைக்காது, சொல்லிட்டேன்."

தலையில் சும்மாடு. அதன்மேல் அடுக்கடுக்காக நான்கு தாம்பாளங்கள். எல்லாவற்றிலும் கொதிக்கிற மண்சட்டிக் குழம்பு, சோறு, கிம்ச்சி ஊறுகாய். கடையை விட்டு நகர முடியாத எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு அப்படித்தான் வரும். கையால் பிடிக்கவே மாட்டாள். கழுத்து அசையாது. இடுப்பு மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். சந்தை முழுக்க அவளைச் சித்தி என்று கூப்பிடும். நான் மட்டும் அக்கா என்பேன். அவளுக்கு நான் பொத்தான்காரி, ஏனென்றால் என் கடையில் பொத்தானைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

போன வருடம் குளிருக்கு முன்னால் எல்லார் வீட்டிலும் கிம்ச்சி போடுகிற சமயம். உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் கூடையைத் தூக்கும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுக் கடை முதலாளியம்மாவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் சும்மாட்டைப் பிடுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவ உட்கார வைத்துவிடுவாள். வலி பிளாஸ்திரி ஒட்டினால் அந்த வாடையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அகலமான ரப்பர் பட்டையை இடுப்பில் மூச்சு முட்ட இறுக்கிக் கட்டி, மேலே பஞ்சுச் சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் கவனித்தது ஒன்றுதான். அவள் வாய் அடங்கிப்போயிருந்தது. கத்தினால் இடுப்பில் குத்தும், சிரித்தால் இன்னும் குத்தும். அதனால் ஊமை போல வந்து, தாம்பாளத்தை இறக்கிவிட்டுப் போவாள். கிழவிக்கு என்ன திடீர் கர்வம் என்று நான் உள்ளுக்குள் பொருமினேன். சத்தம் இல்லாததால் யாரும் விலகவில்லை. இடித்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் அவள் முகம் வெளுத்தது.

சாப்பாடும் ஆறி வர ஆரம்பித்தது. குழந்தை உடுப்புச் சந்து வழியாக வந்தால் என் கடை பக்கம். அவளோ மீன் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் தாம்பாளத்தை இறக்கக் குனிந்தவள் அப்படியே என் கடை மூலையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை.

"இடுப்பொடிஞ்ச கோழிக்கு உரலடியே கைலாசமாம். இங்கேயே இருந்துக்கோ" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினாள். அதன் விளிம்பில் தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"வலி கெடக்குடி. அத விடு. எனக்கு அந்தக் கொழந்தைச் சந்துன்னாலே நெஞ்சு அடிச்சுக்குது. அந்தப் புள்ளைய நீயும்தான பாத்த?"

பார்த்தேன். பல வருடம் முன்பு, அந்தச் சந்தில்தான், சுமை தூக்கும் இன்னொருத்தி தடுக்கி விழுந்தாள். அம்மாவோடு சட்டை வாங்க வந்த ஒரு பையனின் கை முழுக்கக் குழம்பு. அவன் அலறியதை நான் இன்னும் மறக்கவில்லை.

"படுத்தா அதே கனவுதான். சட்டி சரியுது, கீழ ஒரு புள்ள நிக்குது. மறுநாள் தாம்பாளத்தத் தூக்கினா காலு கல்லாப் போயிடுது" என்றாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் கண்ணுக்குக் கடை வாசல் பொம்மையெல்லாம் குழந்தையாகத் தெரிந்தது.

உடம்பில் ஊசி குத்தி வலி போக்குகிற வைத்தியரிடம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். அவர் முதுகை அமுக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். அவள் நிற்கவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எலும்பு நல்லாத்தான் இருக்கு. பிடிப்பு எப்பவோ விட்டிருக்கணும். நீங்க பயந்து பயந்து ஒடம்ப மரக்கட்டை ஆக்கி வச்சிருக்கீங்க. ஆடுற இடுப்புதான் விழாம நிக்கும். பட்டையக் கழட்டிப் போடுங்க" என்றார்.

"கழட்டினா விழுந்துடுவேன்."

"கட்டிக்கிட்டு இருந்தாத்தான் விழுவீங்க."

மறுநாள் மத்தியானம் சுமையோடு என் கடை முன் நின்றாள். பட்டை இல்லை.

"அந்தப் பக்கக் கடைகளுக்குக் கொழந்தைச் சந்து வழியாப் போகப்போறேன். நீ முன்னால கத்திக்கிட்டே போ."

இதென்ன பெரிய வேலை என்று கிளம்பிவிட்டேன். சந்துக்குள் திரும்பிய பிறகுதான் புரிந்தது: அவள் சரிந்தால் அத்தனை சட்டியும் என் பிடரியில்தான் விழும். பின்னால் மூடிகள் கிலுகிலுத்தன. "சுமை வருது" என்று கத்தினேன். குரல் பூனை போல வந்தது. முதுகு தானாக விறைத்தது. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அப்போது ஒரு கடையிலிருந்து சின்னப் பெண் குழந்தை ஓடிவந்தது. என்னைத் தாண்டிப் போய் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டது; நான் திரும்பிவிட்டேன். அம்மா என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. முகத்தை நிமிர்த்திப் பார்த்து, ஆள் வேறு என்று தெரிந்ததும் வீறிட்டு அழுதது. ஆனால் காலை விடவில்லை.

அதன் தலைக்கு நேர் மேலே சட்டிகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கியிருக்கலாம். தூக்கத்தான் குனிந்தேன். என் இடுப்பு சுளீரென்று பிடித்துக்கொண்டது. பாதிக் குனிந்தபடி நின்றுவிட்டேன். பயம் அப்படி என்னைப் பிடித்து வைத்திருந்தது.

"அசையாத அக்கா" என்றேன்.

அவள் அசைந்தாள். முழங்காலை மெல்ல மடக்கினாள். அடுக்கு இடப்பக்கம் சாய்ந்தது. சந்தே மூச்சை அடக்கிக்கொண்டது. அவள் இடுப்பு வலப்பக்கம் போனது, அடுக்கு நேரானது. இன்னும் இறங்கினாள். மறுபடி சாய்ந்தது, மறுபடி நேரானது. ஒரு கையால் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதைச் சுவர் ஓரமாகத் தள்ளினாள். தாய் ஓடிவந்து அள்ளிக்கொண்டாள். அதன் பிறகுதான் மல்சுக் அக்கா எழுந்தாள், ஏறும்போதும் இடுப்பை ஆட்டிக்கொண்டே.

நான் இன்னும் நிமிரவில்லை.

"பயமா இல்லையாக்கா?"

"உசுரே போயிடுச்சுடி" என்றாள். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியிருந்தது. துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. "ஆனா இடுப்பு வளஞ்சுதே, பாத்தியா?"