நாய் வரவேண்டிய இடத்தில் காகம்

அந்த நிரல் ஒரு நாளும் "தப்பு" என்று சொன்னதில்லை. "சரி" என்றும் சொன்னதில்லை. அதன் மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்து மூன்று வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

எழுபதுகளில் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கணக்கு உதவியாளர் வேலை. பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் டைப்ரைட்டர் மாதிரி ஒரு டெலிடைப். நான் தட்டுவதும் அது சொல்லும் பதிலும் ஒரே காகிதச் சுருளில் விழும். எங்கள் எஞ்சினியர் அதற்குள் ஒரு கணக்கு நிரலை ஏற்றியிருந்தார். மூன்றையும் நாலையும் கூட்ட வேண்டுமென்றால் முதலில் மூன்று, பிறகு நாலு, கடைசியில்தான் கூட்டல் குறி. தட்டத் தட்ட எண்கள் பந்திப் பாத்திரம் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் ஏறும். குறியைத் தட்டினால் மேலே இருக்கும் இரண்டை எடுத்துக்கொண்டு விடையை அந்த இடத்தில் வைக்கும். அப்போதும் காட்டாது. "பி" என்று தட்டிக் கேட்டால்தான் விடை வரும்.

எண்ணை நம் பத்துக் கணக்கிலிருந்து எட்டுக் கணக்குக்கு மாற்றுவதும் அதன் வேலை. எட்டுக் கணக்கில் ஏழுக்குமேல் இலக்கம் கிடையாது. ஏழுக்கு அடுத்தது ஒன்று-பூஜ்யம். "ஐ" தட்டினால் உள்ளே போகும் எண் எந்தக் கணக்கு என்று வைத்துக்கொள்ளும். "ஓ" தட்டினால் வெளியே வரும் எண் எந்தக் கணக்கு என்று வைத்துக்கொள்ளும்.

எட்டுக் கணக்கு எதற்கென்றால், கொட்டகைக்காக. வளாகத்தின் கோடியில், கருவேலங்காட்டை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே ஒரு பெரிய தொட்டியில் உப்பை உருக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். தொட்டிக்குள் குளோரின் வாயு நிறையும். வேலை முடிந்ததும் உள்ளே காற்றைச் செலுத்தி வாயுவை எல்லாம் வெளியேற்றிய பிறகுதான் மூடியைத் தூக்கலாம். எத்தனை நிமிடம் காற்றைச் செலுத்துவது என்பதை எஞ்சினியர் தினமும் சொல்வார். நான் அதை நொடியாக்கி, எட்டுக் கணக்குக்கு மாற்றி ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டும். எஞ்சினியர் பழைய சாமான்களைக் கொண்டு செய்த நேரப்பெட்டி ஒன்று கொட்டகையில் இருந்தது. அதன் சுவிட்சுகளுக்கு எட்டுக் கணக்குதான் புரியும். நேரம் முடிந்தால் மணி அடிக்கும்.

கொட்டகையில் அந்த மணியைத் தவிர நேரம் சொல்ல வேறு நாதியில்லை. சுவர்க் கடிகாரம் மாட்டினால் மூன்று மாதத்தில் வாயு தின்று துருப்பிடித்து நின்றுவிடும். மின்சாரத்துக்குப் பக்கத்தில் கைக்கடிகாரம் கட்டக்கூடாது. டெலிபோன் கம்பியும் அங்கே போகவில்லை. மணி அடித்தால் சுவிட்சுகளை எல்லாம் கீழே தள்ளிவிட்டு மூடியைத் தூக்க வேண்டியது. தூக்குகிறவர் என் அண்ணன்.

எங்களுடையது வீடு கட்டும் தச்சுக் குடும்பம். தொட்டிக்கு மரச்சட்டம் அடிக்க வந்த அண்ணனை வேலை சுத்தமாக இருக்கிறதென்று ஆய்வுக்கூடத்தில் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அவர் சொல்லித்தான் மனுப் போட்டேன். செக்காலையில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு அளவு குறிக்கும்போது சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து மிச்சம் பார்ப்பார்கள். மிச்சம் ஒற்றைப்படையாக விழுந்தால் சிங்கம், யானை என்று நல்ல பேராக இருக்கும்; வீடு விளங்கும். நாலு மிஞ்சினால் நாய். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் காகம். உடனே அளவை மாற்றிவிடுவார்கள். எட்டுக் கணக்கின் கடைசி இலக்கம் என்பதும் எட்டால் வகுத்த மிச்சம்தானே. அண்ணன் இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து காலையில் சீட்டை வாங்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"ஏத்தா, இன்னைக்கு நாயா, காக்காயா?"

நிமிடத்தை அறுபதால் பெருக்குவதால் வேறு எதுவும் விழ வழியே இல்லை. நிமிடம் ஒற்றைப்படை என்றால் நாய், இரட்டைப்படை என்றால் காகம். "ஒரு நாளாவது ஒரு சிங்கத்தைக் குடுக்க மாட்டேங்குதே ஒன் மெசினு" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். சில நாள், அவர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் நடந்து போவதைப் பார்க்கும்போது சிரிப்பு வராது. கெட்ட மிச்சம் விழுந்தால் ஒரு வாசற்படியைக்கூட வைக்காத குடும்பம் நாங்கள்.

முதல் மூன்று மாதம் ஒவ்வொரு விடையையும் கையால் வகுத்துச் சரிபார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பிறகு விட்டுவிட்டேன்.

அந்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவுக்காக வீடே காத்திருந்தது. "வந்துச்சுன்னா அந்த நிமிசமே கொட்டகைக்கு ஓடியாந்து சொல்றேண்ணே" என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று காலை பக்கத்து அறை விஞ்ஞானி ஒருவர் எட்டுக் கணக்கில் அச்சான அளவுகளைக் கொண்டுவந்து, அவற்றைச் சாதாரண எண்ணாக்கித் தரச் சொன்னார். வெளியே வரும் எண்ணைப் பத்துக் கணக்கிலும் உள்ளே போகும் எண்ணை எட்டுக் கணக்கிலும் வைத்து முடித்துக் கொடுத்தேன். பிறகு பழைய நிலைக்குத் திரும்ப, வெளியே வருவதை எட்டாக்கிவிட்டு, "10" தட்டி "ஐ" தட்டினேன். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. அது அப்போது எட்டுக் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கில் ஒன்று-பூஜ்யம் என்றால் எட்டுதான். எட்டில் இருந்த மெஷினிடம் எட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டு, பத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினியர் நாற்பத்தைந்து நிமிடம் என்று எழுதியனுப்பியிருந்தார். 45, 60, பெருக்கல் குறி, பி. விழுந்தது 3360. சீட்டில் எழுதினேன்.

அண்ணன் வாங்கிப் பார்த்தார். "காக்காயா? போகுது போ."

நிமிடம் எத்தனை என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து ஒற்றைப்படை என்று தெரிந்த நான், காகத்தைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கொட்டகையில் காற்றுச் செலுத்த ஆரம்பிப்பார்கள். இரண்டு இருபத்தைந்துக்கு எஞ்சினியர் மறுநாள் எண்ணோடு வந்தார். "நாளைக்கு நாற்பத்தேழு வைங்கம்மா." உட்கார்ந்து தட்டினேன். 3520.

கடைசியில் பூஜ்யம். நாற்பத்தேழுக்குக் காகமா?

சுருளைப் பின்னால் இழுத்து, காலையில் தட்டியதைப் பார்த்தேன். பென்சிலை எடுத்து, ரொம்ப நாளைக்குப் பிறகு, அதன் ஓரத்தில் கையால் வகுத்தேன். 5214 என்று வரவேண்டியது. மெஷின் 45-ஐ முப்பத்தேழாகவும் 60-ஐ நாற்பத்தெட்டாகவும் எடுத்திருந்தது. என் சீட்டில் இருந்த எண்ணுக்கு அரை மணி நேரம்கூடக் கிடையாது. எஞ்சினியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து ஓடினேன்.

அந்தத் தூரத்தை நான் இன்னும் ஓடி முடிக்கவில்லை. முள் கிழித்தது, செருப்பு எங்கேயோ போனது. கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. கையை ஆட்டினேன், கத்தினேன். காற்றடிக்கும் மோட்டார் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தச் சத்தத்தையும் மீறி மணி அடித்தது. நான் எழுதிக் கொடுத்த நேரத்துக்கு, ஒரு நொடி பிசகாமல் அடித்தது.

பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை கதவு வழியே தரையோடு ஊர்ந்து வந்தது. அதற்குள்ளிருந்து அண்ணன் தவழ்ந்து வெளியே வந்தார்.

அவர் பிழைத்தார். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில், ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் அண்ணி வெந்நீர் வாங்கப் போன நேரம், தலையணைக்கு அடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"கிழிச்சுப் போட்ரு. மணிக்கு முந்தியே தெறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். சுவிச்செல்லாம் கீழ தள்ளியாச்சு, ஒரு தடயமும் இல்ல."

"நீங்க ஏன்ணே அப்படிச் சொல்லணும்? நான் சொல்லிர்றேன்."

"அங்க கணக்குப் போடுற பொம்பளை நீ ஒருத்திதான். உன்னைய வேலைய விட்டு அனுப்பிச்சா இன்னொருத்திய உள்ள விடமாட்டாக. எனக்கு உளி இருக்கு."

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அண்ணனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். பசி தாங்காமல் மணிக்கு முன்பே திறந்துவிட்டதாகச் சொன்னார். கொட்டகையில் அப்போது வேறு யாரும் இல்லை. பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான்.

"நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்க. மணிச் சத்தம் கேட்டதாம்மா?"

நான் பென்சிலால் வகுத்துப் பார்த்த சுருள் என் கைப்பையில் இருந்தது. உத்தரவு மேஜையில் கையெழுத்துக்கு இருக்கிறது என்று அன்று காலைதான் சொல்லியிருந்தார்கள்.

"கேட்கலை" என்றேன்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வாரம் எனக்கு உத்தரவு வந்தது. அதைச் சொல்ல நான் எங்கேயும் ஓடவில்லை.

இரண்டு வருடம் அதை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன். அண்ணன் வீட்டுப் பின்கட்டில் நாற்காலி, ஜன்னல் சட்டம் என்று சின்ன வேலையாக எடுத்துச் செய்தார். இழைப்புளியை நாலு தடவை இழுத்தால் ஐந்தாவதற்கு உட்கார்ந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த விசில் சத்தத்தைத் தாங்க முடியாமல் போய் நின்றேன்.

"அண்ணே, அன்னைக்கு மணி அடிச்சது எனக்குக் கேட்டுச்சு."

அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு அடங்கும்வரை பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்த்தா. நீ ஓடியாந்ததைக் கதவு வழியாப் பார்த்தேன். கையை ஆட்டிக்கிட்டு வந்தியா, ஆர்டர்தான் வந்துருச்சுன்னு நினைச்சேன். மணியும் அடிச்சுச்சு. சட்டுனு வேலையை முடிச்சுட்டு அங்குட்டு வெளிய வந்து கேப்போம்னுதான் அவசரமா மூடியைத் தூக்குனேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் இழைப்புளியை எடுத்தார். நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.