பெண்ணின் அப்பா வெள்ளரிக்காய் வெட்டிய கல்யாணம்

பாபகூரா என்ற வெளிநாட்டு ஊரில் ஒரு கிளப்பின் பாரில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் கோடையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கல்யாணப் பார்ட்டி. பார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பெண் வீட்டார் இங்கிலாந்துக்காரர்கள். பெண்ணின் அப்பா காலின், எல்லோருக்கும் பிம்ஸ் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர்கள் ஊரில் வெயில் காலத்துக்கென்றே உள்ள பானம் அது. ஜின்னில் மூலிகையும் பழமும் சேர்த்த செம்பழுப்பு மது ஒரு பங்கு, லெமனேட் மூன்று பங்கு. இங்கே லெமனேட் என்றால் நம் எலுமிச்சை ஜூஸ் இல்லை, கேஸ் அடைத்த சோடா. ஜக்கில் முதலில் ஐஸ், பிறகு வெள்ளரி, ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி, புதினா, மது. லெமனேட் கடைசியில். மெதுவாக ஒரு சுற்று கிண்டினால் போதும். மோர் சிலுப்புவது போலக் கிண்டினால் கேஸ் போய்விடும்.

விருந்தினர் வருவதற்குச் சற்று முன்னால்தான் பெட்டிகளைத் திறந்தேன். பாதிதான் பிம்ஸ். மீதிப் பெட்டிகளில் சப்ளையர் சிவப்பு வெர்மூத் என்ற ஒயினை அனுப்பியிருந்தார். பக்கத்துக் கடைகளுக்குப் போன் போட்டேன். எங்கேயும் இல்லை.

மேனேஜர் சிவநேசன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். "வெர்மூத்துக்குள்ள ஜின்னைக் கலந்தா கிட்டத்தட்ட அதே ருசிதான். ஊத்துங்கோ. ஆர் கண்டுபிடிக்கப் போகினம்?" என்றார்.

"அவர்கிட்ட சொல்லிட்டு ஊத்தலாம்ணா."

"சொன்னா சண்டைக்கு வருவினம். உங்கட ட்ரையல் காலம் இன்னும் முடியேல்ல, ஞாபகம் இருக்கட்டும்."

அப்போது என் கணவருக்கு வேலை இல்லை. இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. ஆனால் எனக்குக் குடிப் பழக்கம் கிடையாது. ருசி சரியா என்று பார்க்கக்கூட முடியாத ஒன்றை அதுதான் இது என்று நீட்ட மனம் வரவில்லை. ஒரு கிளாஸ் கலந்து எடுத்துக்கொண்டு போனேன்.

காலின் புல்தரை ஓரத்தில் தனியாக நின்று, பார்ட்டியில் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"இது அது இல்லையே" என்றார்.

இன்னொரு வாய் குடித்தார். "ஆரஞ்சு லிக்கர் இருந்தா கொஞ்சம் விடு. லெமனேட்ல பாதிக்குப் பதிலா ஜிஞ்சர் ஏல் சோடா ஊத்திப் பாரு." பிறகு தயங்கிக் கேட்டார்: "நானும் வந்து ஏதாவது செய்யட்டுமா? காலையிலேர்ந்து எல்லாரும் என்னை ஓரமா நிக்கத்தான் சொல்றாங்க."

பாருக்கு வெளியே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தேன். கோட்டைக் கழற்றிவிட்டு வெள்ளரிக்காய் வெட்ட உட்கார்ந்தார். முதல் துண்டுகள் செருப்பு கனத்தில் இருந்தன. வெட்டிக்கொண்டே தன் பேச்சை என்னிடம் சொல்லிப் பார்த்தார். மகளின் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் புதினாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழம் தீர்வதற்குள் அந்த இடத்தையும் தாண்டிவிட்டார்.

பார்ட்டியில் அவர் எழுந்து சொன்னார்: "உங்க கையில இருக்கறதுல பாதிதான் பிம்ஸ். மீதி இந்தப் பொண்ணும் நானும் பண்ணினது. நல்லா இல்லேன்னா வெள்ளரிக்காயைத் திட்டுங்க, அதை வெட்டினது நான்." எல்லோரும் சிரித்தார்கள். மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். ஜக்குகள் காலியாகிக்கொண்டே இருந்தன.

சிவநேசன் அண்ணா ஒரு கிளாஸை முடித்துவிட்டு வந்தார். "நீங்கள் கதைச்சது நல்லதாப் போச்சு. அடுத்த கிழமைப் பார்ட்டிக்கும் இப்பிடியே போடுங்கோ" என்றார்.

கேட்ட சரக்கு இல்லையென்றால், கிளாஸ் கைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். சில பேர் கோட்டைக் கழற்றிவிட்டுக் கத்தியைக் கேட்பார்கள்.