இருசப்பன் போட்ட கையெழுத்து

இருசப்பன் கல்வராயன் மலையடிவாரத்துக்காரர். கள்ளக்குறிச்சிச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டை தூக்கிப் பிழைத்தவர். நாற்பது வயதுவரை கூலி வாங்கக் கைநாட்டுதான் வைத்தார். 1992இல் எங்கள் தெருவில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி வகுப்பு நடந்தபோது ஓராண்டு விடாமல் போய்த் தம் பெயரை எழுதவும் தேதி போடவும் கற்றுக்கொண்டார். அதற்கு மேல் எழுத்து அவருக்கு வசப்படவில்லை. பெயரின் கடைசிப் புள்ளியை ஒரு சிறு வட்டமாகச் சுழித்து, கீழே இரண்டு கோடு இழுப்பார்.

அவருடைய கட்சி அவரைக் கிளைப் பொருளாளர் ஆக்கியது. படிக்காத ஆள் கணக்குக் கேட்க மாட்டார் என்று நினைத்திருப்பார்கள். அவரோ ஐந்து ரூபாய் வாங்கினாலும் ரசீதுச் சீட்டுக் கொடுத்தார். அஞ்சு ரூபாய்க்கு ஆறு ரூபாய்த் தாளா என்று பேருந்து நிலையக் கடைக்காரர்கள் நாங்கள் கேலி செய்வோம்.

2006 ஜூன் 10 அன்று என் கரும்புச்சாற்றுக் கடைக்கு வந்து நூறு ரூபாய் வாங்கினார். சீட்டு எண் 214. 'மறியல் போராட்ட நிதி' என்று கட்சிப் பெயருடன் அச்சிட்டிருந்தது. எதையும் கோப்பில் வைப்பது என் பழக்கம், அதையும் வைத்தேன். இரண்டு நாள் கழித்து நடந்த மறியலில் கூட்டம் என் சாறு பிழியும் இயந்திரத்தைக் கவிழ்த்தது. உருளைகள் உடைந்தன, மோட்டார் நசுங்கியது. கட்சி அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். கூட்டத்தில் யார் செய்தார்களோ என்று கைவிரித்தார்கள்.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். பழைய தாள் கடையில் எடைக்கு வாங்கிய சட்டப் புத்தகங்களும் நீதிமன்றச் செய்தி நறுக்குகளும்தான் எனக்குத் துணை. போராட்டத்துக்கு அழைப்பு விடுத்த கட்சியே அதன் சேதத்துக்கும் பொறுப்பு என்பதை அவற்றில் படித்து, நானே வழக்கு எழுதினேன். கேட்டது இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் இழப்பீடும், மறியலுக்குத் திரட்டிய நிதிக்குக் கணக்கும்.

கட்சியின் பதிலுரை என்னை உலுக்கியது. மறியலுக்கு அவர்கள் அழைப்பே விடவில்லையாம். சீட்டு நான் போலியாகத் தயாரித்ததாம். இருசப்பன் கையெழுத்தை மறுத்தால் இயந்திரத்துக்கான இழப்பீடும் போகும்; நானும் பித்தலாட்டக்காரன் ஆவேன்.

என் மனுவின்பேரில் அவருக்குச் சாட்சி அழைப்பாணை சேர்ந்த மறுநாள் சந்தையில் அவரைப் பார்த்தேன். மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"இன்னா பிலவேந்திரா, உன் மிசினுக்காக நான் கட்சிய வுடணுமா?"

"வுடச் சொல்லலண்ணே. வந்து நின்னா போதும்."

அவர் அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

2009 பிப்ரவரி 18 அன்று சாட்சிக் கூண்டில் ஏறினார். கட்சியின் நகரச் செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீட்டை நீட்டி, யார் கையெழுத்து என்று கேட்டேன். இருசப்பன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கட்சி வழக்கறிஞர் எழுந்து, படிக்கவே தெரியாதவர் எதைப் பார்க்கிறார் என்றார். சிலர் சிரித்தார்கள்.

"படிக்கத் தெரியாதுங்க ஐயா," என்று நீதிபதியிடம் சொன்னார் இருசப்பன். "இது என்னுதுன்னு தெரியும். நாப்பது வருசம் கைநாட்டு. இத்தக் கத்துக்க ஒரு வருசம் ஆச்சு. இல்லன்னு சொன்னா மறுபடியும் கைநாட்டுதானுங்களே?"

சீட்டுப் புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டைகள் எங்கே என்று நீதிபதி கேட்டார். கட்சி அலுவலக அலமாரியில், மேல்தட்டில் என்றார் இருசப்பன். நீதிமன்றம் அவற்றை வரவழைத்தது. 214ஆம் அடிக்கட்டையிலும் அதே வட்டப்புள்ளி இருந்தது.

அடுத்த ஆண்டு தீர்ப்பு வந்தது. கட்சி முழு இழப்பீட்டையும் நீதிமன்றத்தில் செலுத்தவும், மறியல் நிதிக்குக் கணக்குத் தாக்கல் செய்யவும் உத்தரவாயிற்று. தீர்ப்பின் சான்றிட்ட நகல் என் நான்காம் கோப்பில் இருக்கிறது. கூண்டு ஏறிய மாதமே இருசப்பனைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கல் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். படித்தேன். அதில் கையெழுத்தே இல்லையே என்று வருந்தினார்.

புது இயந்திரம் வாங்கியதும் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன். முதுகுக்கும் மூட்டையிலிருந்து ஓய்வு. கச்சிராயபாளையத்துக் கரும்பை அவரே பார்த்து வாங்குகிறார்; சாறு முன்னைவிட இனிப்பு என்கிறார்கள். முதல் சனிக்கிழமை அவர் பங்கை எண்ணிக் கொடுத்து, கணக்கு நோட்டில் நான் கையெழுத்திட்டு அவரிடம் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. நோட்டை என் பக்கமே தள்ளினார்.

"தேதி போடலியே, தம்பி."

போட்டுக் கொடுத்தேன்.