லயனல் ஆக்ராய்டின் ஐந்து கதவுகள்

வாரத்தில் ஆறு நாள் லயனல் ஆக்ராய்டைப் போலப் பொறுமைசாலி கிடையாது. யார்க்‌ஷரில், வார்ஃப் ஆற்றங்கரைச் சிற்றூரில் குளியலறை ஓடு விற்கிறார். வெள்ளையா, தந்த வெள்ளையா என்று தீர்மானிக்க முடியாமல் கடைக்குள்ளேயே சண்டை போடும் தம்பதிகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டதே ஏழாம் நாளுக்காகத்தான்.

ஞாயிறு விடிந்தால் பச்சை ரோட்ஸ்டர் காரின் துணிக்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, மனைவி கிளெண்டாவை இடப்பக்கம் உட்காரவைத்துக்கொண்டு மலைப்பாதைக்குக் கிளம்பிவிடுவார். அந்த வண்டிக்கு இரண்டே இருக்கை. ஏறி உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். குளிரா, மூடுபனியா, அந்தப் பேச்சே கிடையாது. கிளெண்டா மடியில் தேநீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு, "ஆடு, ஆடு! மெதுவா போ!" என்று காற்றுக்கு மேலே கத்துவார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் அப்படிக் கத்தித்தான்.

போன இலையுதிர் காலத்தில் கிளெண்டாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி வைத்தார்கள். தாழ்வான இருக்கையில் கொஞ்ச காலம் உட்காரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொஞ்ச காலம் என்று சொன்னது நம் ஆளுக்குக் காதில் விழுந்ததா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நேரே வீட்டுக்கு வந்து ரோட்ஸ்டரை விற்றுவிட்டார். யாரைக் கேட்டார்? யாரையும் கேட்கவில்லை. மாடியில் படுத்திருந்த கிளெண்டாவுக்கு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது, தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வாசலில் சாம்பல் நிற ஹாட்ச்பேக் ஒன்று நின்றது.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. அதுதான் லயனலுக்குத் தாங்கவில்லை. ரோட்ஸ்டரைவிட வேகமாகப் பாயும், மழை ஒழுகாது, இருக்கை முதுகுக்குச் சூடு கொடுக்கும், பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கும் கதவோடு மொத்தம் ஐந்து கதவு. அந்த ஐந்தாவது கதவைப் பார்த்ததும் ஊருக்கே அவர்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"லயனல் கண்ணு, இந்தக் கம்பளத்தைக் கொஞ்சம் சலவைக்குக் கொண்டு போய்ப் போட்டுடறியா?" என்று வந்து நின்றார் பக்கத்து வீட்டு வினிஃப்ரெட்.

"இவ்வளவு நாளா அது வீட்டுக்குள்ள அழுக்காவே இல்லையா?"

"அழுக்காத்தான் இருந்துச்சு. உன்கிட்ட கேக்கறதுக்கு வண்டின்னு ஒண்ணு இல்லையே!"

வண்டி என்று ஒன்று இல்லையாம்! லயனலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பளம் போனது, தேவாலயத்து மடக்கு நாற்காலிகள் போயின, யார் வீட்டிலோ வெட்டிய வேலித் தழைகள் குப்பைக் கிடங்குக்குப் போயின. இது போதாதென்று அவருடைய கையே அவர் மானத்தை வாங்கியது. எதிரே ரோட்ஸ்டர் வந்தால் ரோட்ஸ்டர்காரர்கள் ஒருவருக்கொருவர் கை தூக்கிக்கொள்வது வழக்கம். பழக்கதோஷத்தில் லயனலின் கை தானாக உயரும். எதிரே வருகிறவன், யாரடா இந்தப் பைத்தியம் என்று பார்த்துவிட்டுப் போவான்.

இத்தனை எரிச்சலையும் மனிதர் எங்கே கொட்டினார்? வீட்டில்தான்.

"சீட்டெல்லாம் தழை! உனக்காகத்தானே கிளெண்டா, எல்லாம் உனக்காகத்தான்."

"நான் கேட்டேனா? சரி, அதை விடு. இன்னிக்கு ஆஸ்பத்திரில பயிற்சி குடுக்கற பொண்ணு என்ன சொன்னா தெரியுமா..."

"அந்த வினிஃப்ரெட் என்னைப் பார்சல்காரன்னே நினைச்சுட்டா. உனக்காக நான் எதை விட்டுக்குடுத்தேன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்காவது புரியுதா?"

கடைக்கு ஓடு வாங்க வந்தவர்களிடமும் லயனல் இதையே பாடினார். பாதிப் பேர் ஓடு வாங்காமலே கண்கலங்கிப் போனார்கள்.

வசந்தம் பிறந்ததும் ரோட்ஸ்டர்காரர்கள் மன்றத்தின் அந்த வருஷத்து முதல் பயணம் வந்தது. மன்றத்துக்கு ஒரு கிறுக்கு வழக்கம் உண்டு. வழியில் மழை வந்தால் முதலில் எவன் கூரையை மூடுகிறானோ, அவன்தான் அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். தேநீருக்காக இல்லை, அந்த அவமானத்துக்குப் பயந்தே இங்கே ஆண்டாண்டு காலமாக மனிதர்கள் நனைந்து ஜலதோஷம் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பயணங்களை முன்னால் நின்று நடத்தியவரே லயனல்தான். இந்தத் தடவை மன்றத் தலைவர் ரோட்னி கிராப்ட்ரீ அவரைப் பார்த்த பார்வையே சரியில்லை.

"வந்ததுல சந்தோஷம்ப்பா. ஆனா நீ முன்னாடி போனா போட்டோல நல்லா இருக்காது. வால்ல வந்துடு, என்ன? அப்புறம், உன்கிட்டதான் இடம் இருக்கே, எங்க பையெல்லாம் கொஞ்சம் போட்டுக்கறியா?"

"போடுங்க, போடுங்க! உங்க வீட்டு அலமாரி ஏதாவது இருந்தா அதையும் போடுங்க!"

ரோட்னி அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அவர் மனைவிக்குக் காய்ச்சல், தனியாகத்தான் வந்திருந்தார். எல்லோருடைய பைகளும் ஏறின. யாரோ ஒரு நாயையும் ஏற்றிவிட்டார்கள். வரிசையின் கடைசியில் ஹாட்ச்பேக் கிளம்பியது.

மேட்டு நிலத்தில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்ததால் வேகமாகவும் போக முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு ரோட்ஸ்டர்களில் ஒருத்தன் கூரையை மூட வேண்டுமே! எல்லோரும் வெறுந்தலையில் மழையை வாங்கிக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனார்கள். லயனல் என்ன செய்தார் தெரியுமா? நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டார்.

"லயனல், எனக்குக் குளிருது. ஜன்னலை மூடு."

"மூட மாட்டேன். முதல்ல மூடினது ஆக்ராய்ட்னு அவனுங்க சொல்றதுக்கா?"

"இந்த வண்டிக்கு இரும்புக் கூரை இருக்குய்யா! அது வாங்கினப்பவே மூடித்தான் இருந்துச்சு!"

"உனக்கு அது புரியாது. எனக்கு இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் உனக்காக..."

"நனையறதுன்னு ஆயிடுச்சுன்னா நான் ஒழுங்கா நனைஞ்சுக்கறேன்" என்றார் கிளெண்டா. பின்னால் நாய் ஈரத்தை உதறி இருவர் மேலும் தெளித்தது.

மேட்டின் உச்சியில் தேநீர்க் கடை. வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லோரும் உள்ளே போய்க் கை சூடுபடுத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். கிளெண்டா ஹாட்ச்பேக்குக்கு வரவில்லை. நேராக ரோட்னியின் ரோட்ஸ்டரிடம் போனார்.

"ரோட்னி, உன் பக்கத்துல யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல. ஆனா உன் இடுப்பு... ரொம்பத் தாழ்வு கிளெண்டா இது. லயனலைக் கூப்பிடட்டுமா?"

"யாரையும் கூப்பிடாத."

லயனல் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கிளெண்டா இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு கையால் முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இருக்கையில் இறங்கினார். உட்கார்ந்ததும் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிப் போட்டுக்கொண்டார். ஒருவரும் கைகொடுக்கவில்லை. ஒரு முனகல்கூட இல்லை.

லயனல் ஓடி வந்தார். "இது... இது எப்பலேர்ந்து உன்னால முடியுது?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. நீ கடைக்குப் போனதும் மாடிப்படில கடைசிப் படிக்கட்டுல உக்காந்து உக்காந்து எழுந்திரிச்சேன். ஆஸ்பத்திரில பயிற்சி குடுக்கற பொண்ணு முதல்ல என்னைக் கேட்டா, சரியானதும் என்ன செய்ய ஆசைன்னு. எங்க வண்டில ஏறணும்னு சொன்னேன்."

"அதான் வண்டி போயிடுச்சே!"

"போயிடுச்சு. வேற ஆசை எனக்குத் தோணல, அதனால அதையே பழகினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? கடவுளே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல கிளெண்டா!"

"எத்தனை தடவை வாயைத் திறந்தேன்! எனக்காக நீ எதை விட்டுக்குடுத்தேன்னு சொல்லி முடிக்கவே உனக்கு நேரம் பத்தல."

ரோட்னி பாவம், ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை மூன்று பேர் மேலும் பெய்தது. லயனல் குனிந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பிப் போகும்போதாவது என்கூட வருவியா?"

கிளெண்டா நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"யோசிக்கறேன். ஆனா பயப்படாத, நானா எதையும் முடிவு பண்ணிட மாட்டேன். முதல்ல வந்து உன்னைக் கேப்பேன்."