நிலைக்காலில் பூத்த காளான்

போன கோடையில் விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பச்சைப் பசேலென்று பாசி பிடித்துவிட்டது. என் மனைவியின் தம்பி வந்து பார்த்து, "வெயில் படாம மூடிப் போடுங்க அத்தான், தானா செத்துரும்" என்றான். மூடினேன், செத்தது. அன்றிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மழை தொடங்கியதும் வாசல் நிலையின் ஒரு காலில், அடியில், வெள்ளையாகக் காளான் பூத்தது. வெள்ளிதோறும் மனைவி நிலையைக் கழுவி மஞ்சள் பூசுவாள். அந்த ஈரம் மரத்தில் ஊறியிருந்தது. மச்சினன், "இதுவும் பாசி மாதிரிதான்" என்று தார்ப்பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

பாசி வெயிலை வைத்துப் பிழைக்கிறது. காளான் மரத்தையே தின்கிறது, அதற்கு வெயில் எதற்கு? "காத்தாட விடலாம்லா" என்று முனகினேன்.

"நீங்க சும்மா இருங்க அத்தான்."

மழை விட்டுத் தார்ப்பாயை அவிழ்த்தபோது காளான் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. கட்டைவிரலை வைத்தேன், ஊறிய ரொட்டியைப்போல மரம் உள்ளே போனது. நிலைக்காலை மாற்றியே ஆகவேண்டும் என்றார் வந்து பார்த்த தச்சாசாரி.

மச்சினன் குனிந்து பார்த்தான். "தொட்டியில பாசி போச்சுல்லா?" என்றான்.

மனைவியிடம் சொன்னேன்: "புதுக் காலுக்கு மஞ்சள் மட்டும் வையி, தண்ணி ஊத்தாத."

"கழுவாம எப்படி மஞ்சள் வைக்க?" என்றாள்.