பரளச்சி மிளகாயும் தண்ணீர் தெளித்த பத்து மூட்டையும்

போன வருடம் ஜெர்மனியில் தங்கை வீட்டில் இருந்தபோது, அங்கே ஒரு கடையில் ஐம்பது கிராம் குண்டு மிளகாயை மூன்று யூரோவுக்கு விற்றார்கள். நம் காசில் ஏறக்குறைய முந்நூறு ரூபாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாக்கெட்டின் பின்னால் இருந்த க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் பரளச்சி என்று ஊர்ப்பெயரே வந்தது. இதில் விளைய வைத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று நேரில் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று தங்கையிடம் சவால் விட்டேன். "உனக்கு வேற பொழப்பே இல்லையாக்கா?" என்றாள். இல்லைதான். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு இருப்பது இந்த வலைப்பூவும் ஒரு முதுகுப் பையும் மட்டும்.

பரளச்சி உழவர் குழுவில் விசாரித்து, இந்தப் பங்குனியில் கிளம்பினேன். மிளகாய் பழுத்துக் காய்கிற காலம் அதுதான். மதுரை மாட்டுத்தாவணியில் ஏறினால் அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய் வாங்கினார்கள். அங்கிருந்து பரளச்சிக்கு டவுன் பஸ், இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் உட்கார இடம் கிடைக்காது என்று நினைத்தேன், ஜன்னலோரமே கிடைத்தது. "மிளகா வாங்கவா போறீக?" என்று கண்டக்டர் கேட்டார். பார்க்கப் போகிறேன் என்றதும், "பாக்குறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்று நகர்ந்துவிட்டார்.

நிறுத்தத்தில், குழுவினர் சொல்லியிருந்த மிளகாய் விவசாயி சண்முகத்தாய் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், என்னை முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். ஊருக்கு ஒரு கிலோமீட்டர் நடை, வெயில் மண்டையைப் பிளந்தது. நடக்கும்போதே கதை முழுவதையும் சொல்லிவிட்டார்.

அவருக்கு மானாவாரியாக இரண்டு ஏக்கர். கணவர் வேல்ச்சாமி கர்நாடகத்தில் ஒரு முறுக்குக் கடையில் மாஸ்டர். பல வருடமாக அங்கேதான், ஊருக்கு வருவது பொங்கலுக்கும் பங்குனித் திருவிழாவுக்கும். இப்போது வந்திருக்கிறார். இந்த வருடம்தான் சண்முகத்தாய் ஏற்றுமதிக் குழுவில் சேர்ந்திருக்கிறார். மண்டி விலையை விடக் கிலோவுக்கு அறுபது ரூபாய் கூடக் கொடுப்பார்கள். அதற்கு அவர்கள் சொல்கிற மருந்தைத்தான் அடிக்க வேண்டும், மண்ணில் காயப்போடாமல் தார்ப்பாயில் காயப்போட வேண்டும், ஈரம் துளியும் இருக்கக் கூடாது. வீட்டில் இருபது மூட்டை கட்டி, ஒவ்வொன்றிலும் குழு தனக்குக் கொடுத்த எண்ணை எழுதி வைத்திருக்கிறார். மதியம் லாரி வருகிறது.

"இருவதும் போயிருச்சுன்னா பக்கத்து ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடிச்சிருவேன்க்கா. ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும். அவுக திரும்பப் போக வேண்டாம்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்ணைப் போல இருந்தார். எனக்கும் மனசு குளிர்ந்துவிட்டது, வெயிலை மறந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் வேல்ச்சாமி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு செம்போடு எங்களைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் பத்து மூட்டைகள் வாய் பிரிந்து கிடந்தன.

"நீ வாரதுக்குள்ள பாதி முடிச்சிட்டேன் தாயி. இன்னும் பத்துதான். நீ அவுகளுக்குத் தண்ணி குடு, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

அவர் செய்தது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மண்டிக்குக் கொண்டுபோகுமுன் மிளகாயில் லேசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். காய்ந்த வற்றல் அப்போதுதான் பதமாகும், மூட்டையை அமுக்கிக் கட்டினாலும் நொறுங்காது. வேல்ச்சாமிக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த வேலை. மனைவிக்கு ஒரு சிரமத்தைக் குறைப்போம் என்று செய்திருக்கிறார்.

சண்முகத்தாய் என் பையை மெதுவாகக் கீழே வைத்தார். ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். அடுத்ததிலும் விட்டார். பத்திலும் கையை விட்டுப் பார்த்தார்.

"ஏன், என்ன?" என்றார் வேல்ச்சாமி.

"இது மண்டிக்குப் போற சரக்கு இல்லைங்க. கப்பலுக்குப் போறது."

"கப்பலுக்குன்னா நொறுங்காமப் போக வேண்டாமா?"

நியாயமான கேள்விதானே? யாரும் அவருக்குச் சொல்லவில்லை. விதைத்தபோதும் களையெடுத்தபோதும் அவர் ஊரில் இல்லை, குழுக் கூட்டத்துக்கெல்லாம் போனது சண்முகத்தாய்தான். ஈரம் பட்டால் கப்பலில் போகிற வழியிலேயே பூசணம் பிடித்துவிடும் என்று சண்முகத்தாய் சொல்லச் சொல்ல, மனிதர் செம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நான் மட்டும் வராமல் இருந்திருந்தால் இந்தப் பெண் வீட்டிலேயே இருந்திருப்பார் என்ற நினைப்பு வேறு.

அவர் மெல்ல, "நனைஞ்சதை அடியில தட்டிட்டு, மேல காஞ்சதைப் போட்டுக் கட்டிருவமா?" என்று கேட்டார்.

"அங்கிட்டுப் போயிப் பூசணம் பூத்தா, மூடையில யாரு நம்பரு இருக்கும்?"

"ஒன் நம்பரு."

"பெறகென்ன? போன வருசம் ஒருத்தர் மூடையால குழுவோட லோடே திரும்பிருச்சு. அத்தனை வீட்டு ஒழைப்பு. நான் மாட்டேன்."

மூன்று பேருமாக உட்கார்ந்தோம். காய்ந்த பத்தை ஒரு பக்கம் தள்ளி, நனைந்த பத்தையும் வெயிலில் விரித்துப் போட்டோம். நெடியில் தும்மித் தும்மி எனக்கு மூக்கு கழன்று விழாத குறை. "பாங்கிக்காரவுகளை இப்பிடிப் போட்டுப் பாடாய்ப் படுத்துறமே" என்று சண்முகத்தாய் சிரித்தார். அந்த நேரத்தில் எப்படிச் சிரிக்க முடிந்ததோ.

மதியம் லாரியோடு வந்த கம்பெனிக்காரர் நல்ல மனிதர்தான். ஈரம் பார்க்கிற கருவியைக் காய்ந்த மூட்டைகளில் செருகிப் பார்த்துப் பத்தையும் ஏற்றிக்கொண்டார். விரித்துக் கிடந்ததை அவர் கேட்குமுன்பே சண்முகத்தாய் சொல்லிவிட்டார். "ஒரு தடவை நனைஞ்சா எடுக்கக் கூடாதுக்கா, ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல, சட்டம் அப்பிடி" என்றார் கம்பெனிக்காரர். அந்தப் பத்தும் இனி மண்டி விலைக்குத்தான்.

ஜெர்மனியில் விற்கிற விலையை இங்கேதான் எடுத்து விட்டேன், ஆத்திரத்தோடு. கம்பெனிக்காரர் நெளிந்தார். சண்முகத்தாய் என்னையே திருப்பிக் கேட்டார். "கப்பலுக்கும் கடைக்கும் செலவு இருக்கும்லக்கா? இருக்கட்டும். ஆனா வெலை ஏறுனா எனக்குக் கொஞ்சம் தாராக. மூடை கெட்டா மட்டும் முழுசும் என் தலையில விழுது. அதைத்தான் யாராச்சும் கேக்கணும்." உலகச் சந்தையைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிட்டது.

மண்டியை விடக் கூடுதல் விலை வந்தது உண்மை. லாரியில் ஏறிய பத்து மூட்டைக் காசில் ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பிடிக்கலாம், இரண்டு முடியாது. வேல்ச்சாமி தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப நான் கடைக்கே போறேன். இங்கன இருந்தா இன்னும் எதையாச்சும் கெடுப்பேன்" என்றார். நான் கிளம்பும்போது அவருடைய பெரிய பயணப் பை துணி பாதி அடுக்கியபடி திண்ணையில் இருந்தது. பஸ்ஸில் எனக்குக் கண் கலங்கியது, மிளகாய் நெடி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி, பங்குனி நல்ல காலம். பரளச்சியில் தங்க இடம் கிடையாது, அருப்புக்கோட்டையில் நான் அறைக்குத் தொள்ளாயிரம் கொடுத்தேன். தண்ணீரும் தலைக்குத் துண்டும் அவசியம். காய்கிற மிளகாயைச் செருப்போடு மிதிக்காதீர்கள், தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள். கடைசி பஸ்ஸை நம்பாமல் ஒரு பஸ் முன்னாலேயே கிளம்புங்கள். இன்னொன்று, லாரி வருகிற நாளில் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகாதீர்கள்.

ஒரு வாரம் கழித்துச் சண்முகத்தாய்க்குப் போன் போட்டேன். அவுக கிளம்பியாச்சா என்று கேட்கவே தயக்கமாக இருந்தது.

"எங்க கிளம்ப? பையைக் கேட்டாக. குடுக்க முடியாதுன்னுட்டேன். அதுல வெதைக்கு நல்ல பழமாப் பொறுக்கிப் போட்டுக் கட்டித் தொங்க விட்டிருக்கேன்."

"ஒரு ஏக்கர்தானே கிடைச்சது?"

"அதுனாலதான்க்கா. இங்கன இல்லாததாலதான அவுகளுக்குத் தெரியாமப் போச்சு? இனிமே கூட்டத்துக்கு அவுகதான் போகணும்னு சொல்லிட்டேன். நேத்து முத ஆளாப் போயி உக்காந்திருக்காக."