ஜீப்பு குமுளி வந்துருச்சு

என் அம்மா ஏலக்காய் எடுக்கப் போகிறவர். விடிவதற்குள் கூடலூரிலிருந்து ஜீப்பு கிளம்பிவிடும். குமுளி மலை ஏறி, கேரளத் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். நான் வீட்டில் உட்கார்ந்தபடியே வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்குச் சர்வர்லெஸ் வேலை பார்க்கிறேன். நான்தான் சம்பாதிக்கிறேனே, இந்த மழையில் எதற்கு மலையேற வேண்டும் என்று கத்தினால் ஒரே பதில்தான் வரும். "வீட்ல உக்காந்து நாளெல்லாம் உன் மூஞ்சியப் பாக்கவா?"

அப்படி என்ன வேலைதான் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டார். சொந்தமாக ஒரு மிஷினை ராப்பகலாக ஓடவிட்டு வைத்திருக்க வேண்டியதில்லை, எங்கோ யாரோ வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் நம் புரோகிராம் சும்மா கிடக்கும், கூப்பிட்டால் எழுந்து வேலையை முடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும் என்றேன்.

"கூப்பிட்டதும் எந்திரிச்சிருமா?"

"ஆமா."

"அப்ப அது உன்னைய மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டார்.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சில்தான் எனக்கு யோசனை வந்தது. ஜீப்பு திரும்புகிற நேரம் நாளுக்கு நாள் மாறும். மழையில் நனைந்து வருகிறவர்களுக்குக் குளிக்கச் சுடுதண்ணி வேண்டும். முன்கூட்டியே வைத்தால் ஆறிப்போகும். பெண்கள் யாரும் போன் கொண்டுபோவதில்லை. மேலே சிக்னலும் கிடையாது, மழைக்குத் தப்புகிற போனும் கிடையாது. டிரைவர் அண்ணன் மட்டும் குமுளியிலிருந்து ஏதாவது ஒரு வீட்டுக்குச் சொல்லுவார், அது தெருவெல்லாம் சுற்றி வருவதற்குள் ஜீப்பே வந்துவிடும். அதற்காக ஒரு நம்பர் வாங்கினேன். குமுளியில் நின்று அவர் அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். என் புரோகிராம் எழுந்து, ஜீப்பில் வரும் அத்தனை பேர் வீட்டுக்கும் போன் போட்டு, பதிந்து வைத்த குரலை ஒலிக்கவிடும்.

குரல் அம்மாவுடையது. தெருக்கோடியில் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோல் போனைப் பார்த்துக் கத்தினார். "ஜீப்பு குமுளி வந்துருச்சு, சுடுதண்ணி வைங்க."

முதல் நாளே மானம் போனது. எங்கள் ஊரில் மிஸ்டு காலைப் பார்த்தால் திருப்பிக் கூப்பிடாமல் யாருக்கும் இருப்புக்கொள்ளாது. அடுப்படியில் இருந்ததால் போனை எடுக்க முடியாமல்போன யாரோ அந்த நம்பருக்கே திருப்பிப் போட்டார்கள். புரோகிராமுக்கு எல்லாம் மிஸ்டு கால்தான். அது எழுந்து மறுபடி எல்லா வீட்டுக்கும் போன் போட்டது. அதில் எடுக்காதவர்கள் திருப்பிக் கூப்பிட்டார்கள். தெரு முழுக்க அம்மாவின் குரல். பக்கத்து வீட்டு அக்கா பதறிக்கொண்டு வந்தார். "ஏந்தம்பி, உங்கம்மா விடாம கூப்புடுறாகளே, என்னமும் ஆகிப்போச்சா?" எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டிரைவர் நம்பரிலிருந்து வந்தால் மட்டும் எழு, மற்றவர்களைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி சேர்த்தேன். அதன்பிறகு மாதக்கணக்கில் ஒரு சிக்கலும் இல்லை. கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

இந்த ஆடியில் ஒருநாள் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. இருட்டத் தொடங்கியும் போன் வரவில்லை. டிரைவர் போன் அணைந்து கிடந்தது. ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருவர், "உங்க மிஷினு என்ன சொல்லுது தம்பி?" என்று கேட்டார். மலைப்பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்குள் வந்தன. பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தம் போடாமல் இருங்கள் என்று அவரைக் கடிந்துகொண்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

புரோகிராம் எழுந்ததா என்று பார்த்தேன். எழவில்லை. ஆனால் தெரியாத ஒரு நம்பர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. நான் எழுதிய வரி ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவிட்டிருந்தது.

அந்த நம்பருக்குப் போட்டேன். குமுளியில் ஒரு டீக்கடைக்காரர் எடுத்தார். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். கீழே இறங்கும் வழியில் மரம் விழுந்ததால் ஜீப்பு குமுளியிலேயே நின்றுபோயிருக்கிறது. டிரைவர் போனில் சார்ஜ் இல்லை. "ஒரு சேச்சி என் போனு வாங்கி விளிச்சு. பேடிக்கண்டா மோனே, பயப்படாத, எல்லாரும் சுகமா இருக்காங்க, வண்டி இப்ப இறங்கும்."

வாசலில் நின்றவர்களிடம் சொன்னேன். வராத வீடுகளுக்காகப் புரோகிராமை நானே எழுப்பிவிட்டேன். தெருவில் வீடு வீடாகப் போன் அடித்தது. எங்கள் வீட்டு அலமாரியில் அம்மாவின் போனும் அடித்தது. என்ன சொல்லும் என்று தெரிந்தும் எடுத்துக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டேன். அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம்.

பிறகு உட்கார்ந்து அந்த வரியைத் தூக்கினேன். யார் கூப்பிட்டாலும் எழு, ஒருமுறை சொல்லிவிட்டால் அன்றைக்கு மறுபடி சொல்லாதே என்று மாற்றி எழுதினேன். சரியாக ஓடுகிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப்புச் சத்தம் கேட்டது.

"டீக்கடைக்காரர் போன்ல எத்தன வாட்டிடா உன் மிஷினக் கூப்புடுறது?" என்றபடி அம்மா தலையிலிருந்து கால்வரை நனைந்து உள்ளே வந்தார். பார்த்ததும் கத்தத்தான் வந்தது. "கடைக்காரர் போன் கையில இருந்துச்சுல்ல, எனக்குப் போட வேண்டியதுதானே? என் நம்பர் தெரியாதா?"

"உன் நம்பரு, மிஷினு நம்பரு ரெண்டும் மனப்பாடமாத் தெரியும்டா" என்று முந்தானையைப் பிழிந்தார். "உனக்குப் போட்டா நீ ஒருத்தன்தான சுடுதண்ணி வைப்ப? மத்தவளுக எல்லாம் பச்சத்தண்ணியிலயா குளிப்பாளுக?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை. அம்மா காலி அடுப்பையும் என் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நனைந்த சேலையோடு அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.